கம்பெனி கைமாறிய வாரம்

உங்கள் கம்பெனியையும் ஏதோ ஒரு பெரிய நிறுவனம் வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று கேள்விப்பட்டேன். போன வாரம் உங்களில் இரண்டு பேர் தெமியாங்கில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அக்கா, நீங்க இத ஒரு தடவ பாத்தவங்கதானே? எங்களுக்கு வேல இருக்குமா, இருக்காதா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாராவது பேசினால் அவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் வாரத்தில் ஒரு மனுஷி என்னென்ன தப்பு செய்வாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனையையும் செய்தவள் நான். அதைத்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்றாயிற்று, இனி எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஆப்பீஸ் செண்டாயானில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் இருந்தது. மொத்தம் பதினோரு பேர். நான் வாடிக்கையாளர் சேவைக்குத் தலைமை. பெயர்தான் தலைமை, போனை எடுப்பதும் நான், திட்டு வாங்குவதும் நான். பாஸ் பிரகாஷுக்கு என் மூத்த மகன் வயது. எழுத்தில் அவனை 'அவர்' என்று போட்டால் அவனே சிரிப்பான், அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியைக் கட்டுவதற்கு முன்னால், அது கைப்பேசியில் எப்படித் தெரியும் என்று வரைந்து பார்க்கும் கருவி எங்களுடையது. படம், எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் பக்கம் தயார். அதற்கு ஒரு லிங்க் வரும். யாருக்கு அனுப்பினாலும் அவர்கள் போனில் நிஜச் செயலி போலவே திறக்கும். ஆனால் நிஜமில்லை. அதை மாதிரி லிங்க் என்போம். மண்டப வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் வாழைமரம் மாதிரி என்று பிரகாஷ் சொல்வான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் எல்லாரையும் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். முகம் வெளுத்திருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நம்ம கம்பெனிய வாங்கப் போறாங்க. வெளிநாட்டுக் கம்பெனி, ரொம்பப் பெருசு. வெள்ளிக்கிழம கையெழுத்து. அதுவரைக்கும் வெளியில ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது. வீட்டுலயும் சொல்லாதீங்க லா, ப்ளீஸ்."

ரகசியம் காப்போம் என்று ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினான். பேச்சு வெளியே கசிந்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். போனால் எங்கள் கம்பெனி இன்னும் இரண்டு மாதம்கூடத் தாங்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் நாங்கள் வாயைத் திறந்திருக்க மாட்டோம். பதினோரு பேரில் ஒன்பது பேர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். பெண் பார்த்தாலும் சரி, வீடு வாங்கினாலும் சரி, காரியம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். சட்டம் ஒரு பூட்டுப் போட்டது. நம் பழக்கம் அதன்மேல் இன்னொரு பூட்டைப் போட்டது. இரண்டாவது பூட்டுதான் ரொம்பக் கெட்டி.

அன்றைக்கே வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. இலவசமாக ஓடும் மாதிரி லிங்குகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. எதை மூடலாம், எதை யாராவது நம்பியிருக்கிறார்கள் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். முந்நூறுக்கு மேல் வரி. மாதிரியை யார் நம்புவார்கள்? ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் 'மூடலாம்' என்று டிக் அடித்தேன். ஒரே ஒரு லிங்க் மட்டும் தினமும் சாயங்காலமும் விடியற்காலையும் தவறாமல் திறக்கப்பட்டிருந்தது. எவனோ காலேஜ் மாணவன், பரீட்சை பயத்தில் திறந்து திறந்து பார்க்கிறான் என்று நினைத்தேன். அதற்கும் டிக். கையெழுத்து. அனுப்பியாயிற்று.

செவ்வாய்க்கிழமை மனசு ஒரு நிலையில் இல்லை. வேலை எதுவும் ஓடாமல், சும்மா அந்த லிங்கைத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பக்கம். மேலே 'நாளைய பெரட்டு' என்று போட்டிருந்தது. எஸ்டேட்டில் விடியுமுன் வேலையாட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. கீழே பத்துப் பெயர்கள், வீட்டு நம்பர், நேரம். முதல் வரி: லெட்சுமி, நாலாவது லயம், ஏழாம் நம்பர் வீடு, 5.30. லயம் என்றால் எஸ்டேட் வீடுகளின் வரிசை.

'அடடே, பையன் நல்லாச் செய்திருக்கிறானே, பெயர்கூட நிஜம் மாதிரியே இருக்கிறதே' என்று சிரித்துக்கொண்டேன். என்ன ஒரு புத்தி பாருங்கள்.

புதன்கிழமை மறுபடியும் திறந்தேன். பெயர்கள் எல்லாம் மாறியிருந்தன. லெட்சுமி இல்லை, வேறு ஒன்பது பேர். மாதிரியில் எவன் தினமும் பெயரை மாற்றுவான்?

பக்கத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. சர்வீஸ் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டு என் கைப்பேசியிலிருந்தே அழைத்தேன். எடுத்தவர் எஸ்டேட் கிளினிக்கின் டிரெசர், குணசீலன். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவ வலிக்கு வண்டி பிடிப்பது வரை எஸ்டேட்டில் எல்லாம் டிரெசர் தலையில்தான்.

"மேடம், ஒங்க கம்பெனியா! ஒங்க பெரட்டு இல்லன்னா என் பாடு திண்டாட்டந்தான் மேடம்!" என்றார் அவர். குரலில் அத்தனை சந்தோஷம்.

விஷயம் இதுதான். அவர் எஸ்டேட்டிலும் பக்கத்து எஸ்டேட்டிலும் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் பத்தொன்பது பேர். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். சி ரூசா பக்கம் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்கு ஒரு வேன் அவர்களை ஏற்றிப் போகிறது. சென்டரில் அடிக்கடி மெஷின் பழுதாகும், ஆள் மாறும், நாள் மாறும். யாருக்கு என்றைக்கு என்பதை வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி ஒரு தடவை ஒருவரை விட்டுவிட்டார்கள். அப்போதுதான் காலேஜ் பாடத்துக்காக அவர் மகள் எங்கள் கருவியில் ஒரு மாதிரி வரைந்திருக்கிறாள். பாடம் முடிந்தது, மகள் மறந்துவிட்டாள். அப்பா விடவில்லை. தினமும் மத்தியானம் அந்த மாதிரிப் பக்கத்தைத் திறந்து, இன்றைய பெயர்களை அழித்து, நாளைய பெயர்களைத் தானே தட்டுவார். சாயங்காலம் வீட்டுக்காரர்கள் போனில் பார்ப்பார்கள். விடியற்காலையில் டிரைவர் பார்ப்பார்.

"டிரெசர், அது வெறும் மாதிரிதான். நெசமான ஆப் ஒண்ணு செஞ்சிருக்கலாமே?" என்றேன்.

"இது நெசம் இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

நான் பேச்சை மாற்றினேன். லிஸ்டில் பெயர் இல்லாவிட்டால் டிரைவர் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"பேரு இருந்தா நிப்பாட்டுவான். இல்லன்னா போய்கிட்டே இருப்பான். அவனுக்கு இத முடிச்சிட்டு ஃபேக்டரி ஆளுங்கள செண்டாயான்ல எறக்கணும்ல."

போனை வைத்துவிட்டு நேராகப் பிரகாஷிடம் போனேன். கதவைத் தட்டவில்லை. சொன்னேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, முந்தாநாளுதான யாரும் நம்பி இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"போட்டேன். தப்புன்னு இப்ப சொல்றேன். பத்தொம்பது பேரு உசுருடா."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் வாங்குகிறவர்களோடு பேசும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒளிக்காமல் சொன்னான். திரையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். வருத்தமாக இருக்கிறது என்றாள். அந்த ஒரு லிங்கை முப்பது நாள் தொட மாட்டோம், அதற்குள் அவர்களுக்கு வேறு வழி செய்து கொடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. அன்றைக்குத்தான் மூன்று நாளில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடியும் நெஞ்சு அரித்தது. டிரெசருக்கு ஒரு போன் போட்டு, 'எதற்கும் ஒரு தாளில் எழுதி டிரைவர் கையில் கொடுத்து வையுங்கள்' என்று சொன்னால் என்ன? கம்பெனி, விற்பனை என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். பிரகாஷ் பார்த்துவிட்டான்.

"வேணாம்க்கா. ஏன் எதுக்குன்னு கேப்பாரு. நீங்க மழுப்புவீங்க, ஒங்களுக்கு மழுப்ப வராது. எஸ்டேட் முழுக்கத் தெரிஞ்சிரும். நாளைக்கு ஒரு நாளுதான. முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன். கண்ணு பட்டுரும்க்கா."

போனைக் கீழே வைத்தேன்.

அவன் தடுத்ததால் வைத்தேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அது உண்மையில்லை. பதினோரு குடும்பத்தின் சோற்றைக் கெடுத்தவள் நான் என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு. அதோடு, திரையில் ஒரு பெண் சரி என்று சொல்லிவிட்டாள் அல்லவா? அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னது எழுத்தில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பட்டியலைத் திருப்பி வாங்கவில்லை. வாயால் திருத்தினேன், தாள் அப்படியே போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் புகாரையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கியே பிழைத்தவள், என் விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்தாயிற்று. கேக் வெட்டினோம். இரண்டு பேர் அழுதார்கள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் பங்குக் கேக்கைத் தின்றேன். டிரெசரை நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"மேடம், பெரட்டு செத்துப் போச்சு மேடம்! நான் ஈப்போல இருக்கேன், தங்கச்சி மக கல்யாணம். நேத்து மத்தியானமே பேரு போட்டுட்டுத்தான் வண்டி ஏறுனேன். நேத்து ராத்திரிகூட எல்லாரும் பாத்திருக்காங்க. இப்ப ஒண்ணும் இல்ல, வெள்ளையா இருக்கு!"

"வேன்?"

"டிரைவர் வழக்கமா சனிக்கிழம வர்ற ஒம்பது பேர ஞாபகத்துல ஏத்திட்டான். லெட்சுமி அக்காவ விட்டுட்டான். அவங்களுக்கு நேத்துதான் மொற. மெஷின் ரிப்பேர்னு இன்னைக்கு மாத்துனாங்க. புதன்கிழம செஞ்சது மேடம், அதோட இன்னிக்குத்தான். மூச்சு வாங்குதுங்கறாங்க. பையன் நைட் ஷிப்ட்ல இருந்து இன்னும் வரல. டிரைவர் போன எடுக்க மாட்டேங்கறான்."

"நான் போறேன்," என்றேன். ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டாயிற்று, வேறு ஊரிலிருந்து வர வேண்டுமாம், எப்போது வரும் என்று தெரியவில்லை என்றார். நைட்டியின்மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

எஸ்டேட்டுக்குள் செம்மண் பாதையில் கார் எத்தனை இடத்தில் அடிவாங்கியது என்று தெரியாது. ஏழாம் நம்பர் வீட்டு வாசல் படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருக்கலாம். தலை வாரி, பொட்டு வைத்து, மடியில் ஒரு துணிப்பை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. பேச ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு எடுத்தார்.

"லெட்சுமி, ஏறுங்க," என்றேன்.

கைத்தாங்கலாக ஏற்றினேன். பழைய போர்ட்டிக்சன் ரோட்டுக்கு வந்தால் கார் வரிசை நகரவே இல்லை. சனிக்கிழமை! கோலாலம்பூர்க்காரர்கள் பிள்ளை குட்டியோடு, ரப்பர் மிதவையைக் கூரையில் கட்டிக்கொண்டு, கடலில் குளிக்கப் போகிறார்கள். ஹாரனை அடித்து அடித்து என் உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்தில் அந்த அம்மாளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் கொஞ்சம் குறைந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். 'தூங்காதீங்க லெட்சுமி, எங்கிட்ட பேசுங்க' என்பேன். கடவுளே, இவரை என் காரில் வைத்து எடுத்துக்கொள்ளாதே என்று வேண்டினேன். எனக்காகத்தான் வேண்டினேன், வெட்கமாக இருக்கிறது.

அந்த நெரிசலில் பிரகாஷ் கூப்பிட்டான்.

"அக்கா, விசாரிச்சிட்டேன். மூடுற டீம் வேற ஊர்ல இருக்காம். அவங்க கையில இருந்தது திங்கக்கிழம ஷீட்டு. அத வச்சு எல்லாத்தையும் மூடிட்டாங்க. ஒங்க கையெழுத்து இருந்த ஷீட்டுக்கா."

"தொறக்கச் சொல்லு."

"திங்கக்கிழமதான் ஆளு வருவாங்களாம்."

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவனைத் திட்டினேனா, என்னையா என்று எனக்கே தெரியாது. ஒரு லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அதன்பிறகு ரோட்டோரப் புல்லிலேயே ஓட்டிப் போனேன்.

சென்டரில் லெட்சுமியின் நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு வாருங்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் கத்திய கத்தலில் உள்ளேயிருந்து தாதி ஓடி வந்தார். லெட்சுமியின் காலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், மூச்சைக் கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அவசரத்துக்கு வைத்திருந்த மெஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார்கள். மூச்சு சீராகியிருந்தது. தாதி எனக்கு ஒரு கப் மைலோ போட்டுக் கொடுத்தார்.

லெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்கள நான் பாத்ததே இல்லியே. கார விட்டு எறங்குனதும் லெட்சுமின்னு பேரு சொல்லிக் கூப்புட்டீங்க. வீட்டையும் யாரையும் கேக்காம நேரா வந்தீங்க. எப்புடி?"

டிரெசர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மைதான். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பாதி உண்மையிலேயே குடித்தனம் நடத்தியாயிற்று.

"லிஸ்ட்ல பாத்தேன்," என்றேன். "நான் அந்தக் கம்பெனி ஆளு. லிஸ்ட்ட மூடப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமலேர்ந்து தெரியும். ஒங்க பேர செவ்வாக்கிழம பாத்தேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஊசி ஏற்றாத கையில். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

"நாலு நாளா? ஒரு போன் போட்டிருக்கலாமே லா," என்றார். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கம்பெனியை விற்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருந்தோம், பதினோரு குடும்பம் என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேணாங்க்கா. திங்கக்கிழம எனக்கு வேன் வருமா, வராதா? அத மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போங்க."

"வரும்."

அவர் நம்பவில்லை. "எழுதிக் குடுங்க," என்றார்.

தாதியிடம் ஒரு தாள் வாங்கி எழுதினேன். திங்கட்கிழமை, 5.30, வேன் வரும். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் துணிப்பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிரெசரோடு உட்கார்ந்து பத்தொன்பது பேருக்கும் தாளில் எழுதினோம். டிரைவர் வண்டியில் ஒன்று, கிளினிக் கதவில் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. டிரைவருக்கு நான்கு தடவை போன் போட்டேன், கடைசித் தடவை அவர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை, வேன் வருகிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கெல்லாம் நாலாவது லயத்துக்குப் போனேன். லெட்சுமி எனக்கு முன்பே ரோட்டில் வந்து நின்றிருந்தார். பக்கத்தில் மகனும் நின்றான், ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, கடன் வாங்கிய ஒரு காரோடு.